சிற்பப் பேராசிரியர் விட்டுச்சென்ற தாள்கள்: குமரி மாவட்டத்து வீட்டாருக்கான கேள்வி பதில்

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ சிற்பம் கற்பித்த ஒருவர் காலமானால் வீட்டில் ஓர் அறை மிஞ்சும். சுருட்டி வைத்த வரைபடங்கள், கடிதக் கட்டு, பிளாஸ்டர் தலைகள், துருப்பிடித்த உளிகள், பூட்டிய பீரோ. அந்த அறையைத் திறக்கும் மகனோ மகளோ மாணவரோ கேட்கும் கேள்விகள் இவை. மயிலாடி, சுசீந்திரம், நாகர்கோவில், குளச்சல் பக்கத்து வீடுகளை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறோம். இரண்டு மழைக்காலம், உப்புக்காற்று, கொல்லம் ஆண்டு போட்ட மலையாளப் பத்திரம் என்று இங்கே சில தனிச் சிக்கல்கள் உண்டு.

எது ஆவணம், எது குப்பை?

முதல் சுற்றில் எதையும் குப்பை என்று முடிவு கட்டாதீர்கள். பாராட்டுப் பத்திரங்களையும் பொன்னாடைப் படங்களையும் பத்திரப்படுத்திவிட்டு, லாரி வாடகைச் சீட்டையும் கல் வாங்கிய கணக்கையும் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆய்வாளருக்கு வேண்டியது அந்தச் சீட்டுதான்.

உதாரணமாக ஒரு சீட்டில் "6 x 2 x 1½" என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அடிக்கணக்கில் 18 கன அடிக் கல். கருங்கல் கன அடிக்கு ஏறத்தாழ 75 கிலோ. அப்படியானால் பட்டறைக்கு வந்து இறங்கியது சுமார் 1,350 கிலோ. செதுக்கி முடித்த சிலையின் எடை வேறொரு தாளில் இருந்தால், எவ்வளவு கல் கழிந்தது என்றுகூடக் கணக்கிடலாம். பாராட்டுப் பத்திரம் இதில் எதையும் சொல்லாது.

கண்ணை மூடிக்கொண்டு கழிக்கக்கூடியவை சில உண்டு: ஒரே அழைப்பிதழின் ஐம்பது பிரதிகள் (மூன்றை வைத்துக்கொள்ளுங்கள்), எழுதாத வெற்றுத் தாள்கள், குறிப்பு எதுவும் எழுதப்படாத பொதுப் பத்திரிகைகள். மற்றதெல்லாம் இருக்கட்டும்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

எதையும் தொடுவதற்கு முன் அறையைப் படம் எடுங்கள். ஒவ்வொரு சுவர், ஒவ்வொரு தட்டு, ஒவ்வொரு இழுப்பறை. பிறகு தட்டுகளுக்கு அ, ஆ, இ என்றும் கட்டுகளுக்கு 1, 2, 3 என்றும் பெயர் கொடுத்து, பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டை மேலே வையுங்கள். பேனா வேண்டாம், ஒட்டும் சீட்டும் வேண்டாம்.

தேதி வாரியாகவோ ஆள் வாரியாகவோ அடுக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். ஒரு சிலைக்கான பென்சில் வரைவு, வாடிக்கையாளரின் கடிதம், மெழுகு வாங்கிய பில் மூன்றையும் அவர் ஒரே கோப்பில் வைத்திருந்தால், மூன்றும் ஒரே வேலையைச் சேர்ந்தவை என்பதற்கு அந்தக் கோப்பு மட்டுமே சாட்சி. கடிதத்தைக் கடிதங்களோடும் பில்லைப் பில்களோடும் பிரித்த மறுநாளே அந்தச் சாட்சி போய்விடும். அவர் தாறுமாறாகத்தான் வைத்திருந்தார் என்றாலும் அந்தத் தாறுமாறையே முதலில் பட்டியலிடுங்கள். வகை பிரிப்பதைப் பட்டியலில், கணினியில், வேண்டிய மட்டும் செய்துகொள்ளலாம்.

நோட்டுப் புத்தகத்துக்குள் மடித்த தென்னை ஓலை கிடைத்தது. தூக்கிப் போடலாமா?

கூடாது. அது புத்தக அடையாளத்துக்கு வைத்த ஓலையாக இல்லாமல் ஒடியோலையாக இருக்கலாம். சுவாமிமலை முறையில் உலோகச் சிலை வார்ப்பவர்கள், செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, தாளக் கணக்குப்படி (முக நீளத்தை வைத்து உடலை அளக்கும் முறை) மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார்கள். மெழுகு உருவத்தின் மேல் வைத்து முகம், மார்பு, தொடை என்று அளப்பது அதை வைத்துத்தான். ஆக, அந்த ஓலையின் நீளம்தான் சிலையின் நீளம். மடிப்புகள்தான் அதன் அளவு நூல்.

காய்ந்த ஓலையை நிமிர்த்தினால் மடிப்பில் ஒடிந்துவிடும். மடித்தபடியே அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, கெட்டி அட்டைத் தட்டில் படுக்க வைத்து, எந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதுங்கள். காவி படிந்த நூல்கண்டு, தகரத்தில் வெட்டிய கண், மூக்கு வடிவங்கள், மெழுகில் பிடித்த விரல் மாதிரிகள் ஆகியவற்றுக்கும் இதே மரியாதைதான்.

வரைபடத்தில் "முகம் 12 அங்குலம்" என்று இருக்கிறது. சிலையின் முகமோ ஆறு அங்குலம்தான். பிழையா?

பிழையில்லை. அது கடையில் வாங்கிய அளவுகோலின் அங்குலம் அல்ல. சிற்ப நூல் வழியில் வரைந்தவர்கள் சிலையின் மொத்த உயரத்தைப் பங்கிட்டு வரும் ஒரு பங்கைத்தான் அங்குலம் என்பார்கள். நவதாளம் என்றால் 9 முக நீளம், ஒரு முகத்துக்கு 12 பங்கு, மொத்தம் 108. உங்கள் சிலை 54 அங்குல உயரம் என்றால் ஒரு சிற்ப அங்குலம் சரியாக அரை அங்குலம்; 12 பங்கு முகம் 6 அங்குலம். கணக்கு பொருந்திவிடும்.

பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம். அதில் உயரம் 124 பங்கு. அதனால் வரைபடத்தின் மூலையில் 124 என்றோ 108 என்றோ தனியாக ஓர் எண் கிடந்தால் அதை அழுக்கு என்று துடைக்காதீர்கள். வரைபடம் முழுவதற்கும் சாவி அதுதான். ஓர் அங்குலத்தில் 8 யவம். பழைய குறிப்புகளில் கால், அரைக்கால், மாகாணி வரும். மாகாணி என்பது பதினாறில் ஒன்று. நடுவில் மேலிருந்து கீழே ஓடும் கோடு பிரம்ம சூத்திரம், அதாவது தூக்குநூல் கோடு.

மேனாட்டு முறையில் பயின்றவரின் தாள்களில் இதெல்லாம் இருக்காது. மாதிரியாள் அளவு, இரும்புக் கம்பிக் கூட்டின் வரைவு, களிமண் எடை, அச்சு எத்தனை துண்டு என்ற கணக்கு ஆகியவை இருக்கும். இரண்டும் கலந்து கிடந்தால் அவர் இரண்டு பள்ளியிலும் தொட்டவர் என்று அர்த்தம். அதை வாழ்க்கைக் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள்.

1956-க்கு முந்தைய தாள்களில் 1110, 1125 என்று ஆண்டு போட்டிருக்கிறதே?

கொல்லம் ஆண்டு. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், பள்ளிச் சான்று, நிலப்பத்திரம், கோயில் வேலைக் கணக்கு எல்லாம் அந்த ஆண்டில்தான் வரும். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் தொடங்குகிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825. இணைப்பு நாளே கொல்லம் 1132 ஐப்பசியில் வருகிறது: 1132 + 824 = 1956.

மாதப் பெயரில் கவனம் வேண்டும். சிங்ஙம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி. வீட்டுப் பெரியவர்கள் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். கணினி மாற்றியை விட அவர்களை நம்பலாம்.

பணக் கணக்கில் சக்கரம், பணம் வந்தால்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் 28½ சக்கரம். அரைச் சக்கர வித்தியாசத்தால் கணக்கு உதைத்தால் இதுதான் காரணம். மலையாளப் பத்திரத்தின் அசல் தேடவேண்டி வந்தால் திருவனந்தபுரத்திலுள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள்.

தேதியே இல்லாத கடிதங்களை எப்படிக் காலப்படுத்துவது?

உறையைத் தூக்கி எறியாமல் இருப்பது முதல் வழி. அஞ்சல் முத்திரை அதில்தான் இருக்கிறது. உறை இல்லையென்றால் உள்ளே தடயம் தேடுங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. "நயா பைசா" என்றிருந்தால் அதிலிருந்து 1964 வரை. அச்சடித்த கடிதத்தாளில் "லை", "னை" பழைய கொம்போடு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கையெழுத்தில் இந்தச் சோதனை செல்லாது. பழைய கொம்பைக் கடைசிவரை விடாதவர்கள் ஏராளம். முகவரியில் "மெட்ராஸ்" என்று இருப்பதையும் நம்பாதீர்கள். 1996-க்குப் பிறகும் மக்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

ஊகித்த தேதியைத் தாளில் எழுதாதீர்கள். பட்டியலில் "சு. 1965" என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் போடுங்கள்.

இரும்பு பீரோவில் வைத்தால் போதாதா?

குமரியில் போதாது. பல வீடுகளில் கெடுதலே பீரோவில்தான் தொடங்குகிறது. தாளுக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். 65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஆனி, ஆடிச் சாரலிலும் மீண்டும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கடலோர வீடுகளில் அந்த அளவை விட அதிகமாகவே இருக்கும். உப்புத் துகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்மேல் வைத்துக்கொள்ளும். அதனால் குளச்சலில் ஒரு குண்டூசி துருவேறும் வேகத்தில் தக்கலையில் ஏறாது. பகலில் சூடேறி இரவில் குளிரும் பீரோ, வெளிச்சுவரை ஒட்டி நின்றால், உள்பக்கம் வியர்க்கும்.

பீரோவை வெளிச்சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டை மேல் நிறுத்துங்கள். கீழ்த்தட்டில் தாள் வேண்டாம். நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு ஈரப்பதமானியை உள்ளே வையுங்கள். வெயில் அடித்துக் காற்று உலர்ந்த நாளில் கதவைத் திறந்து மின்விசிறி போடுங்கள். மழை நாளில் திறக்காதீர்கள். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம்: நாற்றம் வருகிறதே என்று மழையன்று திறந்து வைப்பார்கள், ஈரம் முழுக்க உள்ளே போய்விடும்.

இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்ல வழி, பெட்டிக்குள் போகும் தாள் காய்ந்திருந்தால் மட்டும். 30 லிட்டர் பெட்டிக்கு அரைக் கிலோ. ஆரஞ்சு நிறக் குருணை வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் நச்சு உண்டு. நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். ஈரத் தாளைப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடுவது பூஞ்சைக்குத் தொட்டில் கட்டுவதற்குச் சமம்.

அமிலமற்ற தாள் கிடைக்கும்வரை காடாத் துணி கைகொடுக்கும். கஞ்சி போகும்வரை சோப்பில்லாமல் மூன்று முறை வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவைத்துச் சுற்றுங்கள். கஞ்சியை விட்டால் அதைத் தின்னவே பூச்சி வரும்.

சிதல், இராமபாணம்?

சிதல் (கறையான்) தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் மண்பாதை கட்டி வரும். பாதையைக் கலைத்தால் போகாது, புற்று எங்கே என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். தாள்மேல் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள். வெள்ளி நிறத்தில் நெளிந்தோடும் இராமபாணம் பசையையும் கஞ்சியையும் தேடி வருவது. ஈரத்தைக் குறைத்தாலே அதன் பெருக்கம் அடங்கிவிடும்.

பூச்சி அரித்த கட்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வர ஒருநாள் விடுங்கள், இல்லையென்றால் தாள்மேல் நீர் கோத்துவிடும். நாப்தலீன் உருண்டையால் பலன் குறைவு, மெழுகு மாதிரிகளுக்கும் பிளாஸ்டிக்குகளுக்கும் அது ஆகாது. வேப்பிலை போடுவதென்றால் முற்றிலும் காய்ந்ததை மட்டும், துணிப்பைக்குள், தாளில் படாமல்.

மழைநீர் புகுந்து தாள்கள் நனைந்துவிட்டன. இப்போதே என்ன செய்வது?

உங்களுக்கு 48 மணி நேரம் இருக்கிறது. அதற்குள் பூஞ்சை தொடங்கிவிடும். 2004 சுனாமியிலும் 2017 ஒக்கிப் புயலிலும் இந்த மாவட்டம் கண்டதை நினைத்தால், திட்டத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் புத்தி.

நனைந்த கட்டைப் பிரிக்க முயலாமல், கட்டு கட்டாகவே தூக்குங்கள். அடியில் ஒரு தட்டோ பலகையோ கொடுத்துத் தூக்குங்கள், நனைந்த தாளுக்குத் தன் எடையைத் தாங்கும் வலு இல்லை. இன்றைக்குக் காயவைக்க முடிந்த அளவை மட்டும் வெளியே வைத்து, மற்றதைப் பையில் போட்டு ஃபிரீசரில் அடையுங்கள். பக்கத்தில் ஐஸ் ஆலையோ மீன் குளிர்கிடங்கோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். குமரிக் கடலோரத்தில் இது ஒரு வரம். அச்சு மை இல்லாத வெள்ளைத் தாளை இடையிடையே வைத்து, நனைய நனைய மாற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தாள் வளைந்து மை மங்கும். இஸ்திரிப் பெட்டியை எடுக்கவே வேண்டாம்.

புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரிவது அரிது. காய்வதற்குமுன் சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டுப் பிரித்து, படப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்புங்கள்.

சுருட்டி வைத்த வரைபடங்களை விரித்தால் உடைகிறது.

டிரேசிங் தாள் வயதானால் அப்பளம்போல நொறுங்கும். ஈரப்பதம் மிதமான நாளில், அறையிலேயே ஒருநாள் தளர்த்தி வைத்துவிட்டு, ஒரு கை அகலம் விரித்து எடை வைத்து, மறுநாள் இன்னொரு கை அகலம் என்று போகலாம். ஒரே மூச்சில் விரிக்க நினைத்தால் கிழியும். எடைக்குத் துணியில் சுற்றிய மணல் பை நல்லது. ஆனால் கடற்கரை மணல் வேண்டாம், உப்பு.

நகல்களில் இரண்டு வகையைப் பிரித்தறியுங்கள். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு என்றால் அசல் ப்ளூபிரிண்ட். சுண்ணாம்புச் சத்து சேர்த்த "காப்பு" உறைகள் மற்றத் தாளுக்கு நல்லவை, ப்ளூபிரிண்டுக்கு எதிரி: காரம் பட்டால் நீலம் வெளுக்கும். வெளிறிய பின்னணியில் நீல அல்லது ஊதாக் கோடு என்றால் அம்மோனியா பிரிண்ட். அதிலிருந்து வெளியேறும் ஆவி பக்கத்துத் தாள்களைக் கறைப்படுத்தும், அதனால் தனிப் பெட்டி. இரண்டுமே வெளிச்சத்தில் மங்கும். சுவரில் மாட்டுவதென்றால் நகலை மாட்டுங்கள்.

கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், ஏற்கெனவே ஒட்டியிருப்பதை இழுக்கவும் வேண்டாம். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். ஊர்க் கடைகளில் பத்து நிமிடத்தில் போட்டுத் தருவார்கள். பிறகு எந்த நிபுணராலும் பாதுகாப்பாகக் கழற்ற முடியாது.

நெகட்டிவ் பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை.

அசிடேட் பிலிம் சிதைகிறது. அந்த ஆவி மற்ற நெகட்டிவ்களுக்கும் பரவும். உடனே பிரித்து, காகித உறையில் காற்றோட்டமாக வைத்து, முதலில் ஸ்கேன் செய்யவேண்டிய பட்டியலில் தலையில் போடுங்கள். பிலிம் வளைந்து நெளிந்த பிறகு ஸ்கேனரில் படியாது.

பிளாஸ்டர் மாதிரிகளை என்ன செய்வது?

கழுவாதீர்கள். பிளாஸ்டர் நீரைக் குடிக்கும், மேற்பரப்பு மழுங்கும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், அவ்வளவுதான். மேலே பழுப்புக் கறையோ வெடிப்போ கண்டால், உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது என்று பொருள். வெளியே பூசி மறைத்தால் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். அறையை உலர்வாக வைப்பதே மருந்து. தலையைப் பிடித்துத் தூக்காமல் அடியைப் பிடித்துத் தூக்குங்கள். பென்சில் புள்ளிகள், குத்திய ஆணிகள், எண்கள் இருந்தால் அவை கல்லுக்கு அளவு மாற்றப் பயன்பட்ட குறிகள். வெள்ளையடித்து "புதுசாக்க" யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள்.

பல கற்களை அடுக்கிச் செய்யும் சிலைகளில் ஒவ்வொரு கல்லுக்கும் எண் இருக்கும். குமரிமுனை வள்ளுவர் சிலையில் மட்டும் 3,681 கற்கள். அப்படிப்பட்ட பணியில் ஈடுபட்டவரின் தாள்களில், மாதிரியின் மேலுள்ள எண்ணும் வரைபடத்திலுள்ள எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பட்டியலில் இணைத்து எழுதுங்கள்.

ஸ்கேன் செய்ய எந்த அளவு?

கடிதத்துக்கு 300 டிபிஐ, வண்ணத்தில். புகைப்படத்துக்கும் நுண்ணிய பென்சில் வரைவுக்கும் 600. 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு 2,400-க்குக் குறையாமல். மூலக் கோப்பு டிஃப் (TIFF) வடிவில். பார்க்கவும் அனுப்பவும் ஜேபெக் (JPEG). ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐ வண்ண டிஃப்பில் 25 எம்பி வரும், ஆயிரம் பக்கத்துக்கு 25 ஜிபி. மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு சாதனம், ஒன்று வேறு ஊரில். கடலோரத்தில் இருப்பவர்கள் அந்த ஒன்றை மதுரையிலோ சென்னையிலோ உள்ள உறவினரிடம் கொடுத்துவைக்கலாம். தாளை உள்ளிழுக்கும் வகை ஸ்கேனரில் டிரேசிங் தாளைக் கொடுக்காதீர்கள். கடிதத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். சிற்பிகள் வரைந்து பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான்.

பழைய கணினிக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று அழிக்காதீர்கள். பாமினி, திஸ்கி, டாம், வானவில் என்று ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. மாற்றியில் போட்டால் ஒருங்குறித் தமிழாகிவிடும். மூலக் கோப்பையும் அப்படியே வைத்திருங்கள்.

தாள்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. உரிமையும் எங்களுடையதுதானே?

தாள் வேறு, பதிப்புரிமை வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கும் வரைவுக்கும் உரிமை, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உண்டு; அவர் இறந்த பிறகு முதன்முதலாக வெளியாகும் எழுத்துக்கு அந்த 60 ஆண்டை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். ஆனால் அவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களின் உரிமை எழுதியவர்களுடையது. உங்களிடம் இருப்பது காகிதம் மட்டும். படிக்கக் கொடுக்கலாம், அச்சிட அனுமதி வேண்டும். பணியின் பகுதியாகக் கல்லூரிக்காகச் செய்தவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை நிறுவனத்துக்குப் போகலாம். நியமன ஆணையைத் தேடி எடுத்து வையுங்கள்.

மதிப்பெண் பதிவேடு, விடைத்தாள், மாணவர் மீதான ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு கிடைத்தால் அவை வீட்டுச் சொத்தல்ல. நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், காப்பகத்துக்குக் கொடுக்கும் பெட்டியில் சேர்க்க வேண்டாம்.

வீட்டில் பழைய கற்சிலைகளும் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன.

நூறு ஆண்டு கடந்த சிற்பமும் 75 ஆண்டு கடந்த மதிப்புமிக்க சுவடியும் 1972 தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டத்தின்கீழ் வரும். பழஞ்சிலை என்றால் இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு வேண்டும். மாணவர்களுக்குக் காட்ட வைத்திருந்தார் என்பது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் எங்கிருந்து வந்தது என்ற தாள் இல்லாமல் விற்கவோ இடம் மாற்றவோ தொடங்காதீர்கள்.

யாரிடம் கொடுக்கலாம்?

அவர் கற்பித்த நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். "நூலகத்தில் வைக்கிறோம்" என்பது பதிலல்ல. எந்த அறை, பூட்டு யாரிடம், பட்டியல் யார் போடுவார், ஆய்வாளர் எப்படிப் பார்ப்பது என்ற நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சிற்பத் துறையே இருக்கிறது. தமிழ் அச்சுப் பொருளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம். மூலத்தை வீட்டிலேயே வைத்து மின்படி மட்டும் கொடுக்கவும் வழி உண்டு: பரோடா நுண்கலைப் பள்ளியோடு சேர்ந்த கே. ஜி. சுப்ரமணியன், ஜோதி பட் போன்றவர்களின் தாள்களை ஆசியக் கலை ஆவணக் காப்பகம் மின்மயமாக்கியிருப்பது அதற்கு நல்ல முன்மாதிரி.

ஒப்பந்தத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: காகிதம் மட்டுமா, உரிமையும் சேர்த்தா, வீட்டுக்கு ஒரு மின்படி, வேண்டாதவற்றை அவர்கள் கழித்தால் முதலில் உங்களிடம் திருப்பித் தர வேண்டும், எந்தப் பெட்டி எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும். சொந்தக் கடிதங்களை எரிப்பதற்குப் பதில் இருபது முப்பது ஆண்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் பின்னால் வம்பு.

வாழ்க்கைக் குறிப்பை எப்படி எழுதுவது?

இரண்டு பக்கம் போதும். பிறந்த ஊர், படிப்பு, பணி, முக்கிய வேலைகள், யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதற்கான தாள் எந்தப் பெட்டியில் என்று எண் போடுங்கள். எண் போட முடியாத வரியில் "குடும்பத்தார் சொன்னது" என்று எழுதுங்கள்.

நிறுவனப் பெயர்களில் தடுக்கி விழாதீர்கள். 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி பல பெயர் மாறிக் கவின்கலைக் கல்லூரி ஆனது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி 1957-இல் தொடங்கியது. இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் வந்ததோ 2013-இல்தான், ஆகவே பழைய சான்றிதழில் அந்தப் பெயர் இருக்காது. சான்றிதழில் உள்ள பெயரை அப்படியே எழுதி, இன்றைய பெயரை அடைப்பில் கொடுங்கள்.

ஆசிரிய வழியைத் தெளிவாகச் சொல்வது இந்தத் துறையில் மிக முக்கியம். சென்னைக் கலைப்பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அவரிடம் பயின்று பின்னாளில் அதே கல்லூரியின் முதல்வரான எஸ். தனபால் என்று ஒரு வழி. பிள்ளையார்பட்டிக் குடும்பத்தில் பிறந்து, மாமல்லபுரம் கல்லூரி முதல்வராக நெடுங்காலம் இருந்த வை. கணபதி ஸ்தபதி வழி இன்னொன்று. குமரிமுனையில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த வள்ளுவர் சிலை கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு: 38 அடிப் பீடம் அறத்துப்பாலுக்கு, 95 அடிச் சிலை பொருளுக்கும் இன்பத்துக்கும், ஆக 133 அடி. 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறை மண்டபத்துக்கு எஸ். கே. ஆசாரி. உங்கள் பேராசிரியர் இந்தப் பணிகளில் "பங்கேற்றார்" என்று குடும்பத்தில் பேச்சு இருந்தால், அது எந்தப் பட்டறை, எந்த ஆண்டு, கூலிச்சீட்டா, நியமனக் கடிதமா என்று தேடுங்கள். மயிலாடிப் பக்கம் பாதி வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு, பெரும்பாலும் உண்மையும் உண்டு. தாள் கிடைத்தால்தான் அது வரலாற்றில் ஏறும்.

உளிகளை மாணவர்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள். ஆனால் முதலில் ஒவ்வொன்றையும் முனை தெரிய, அளவுகோலோடு படம் எடுங்கள். சாணை பிடிக்க வேண்டாம். முனை தேய்ந்திருக்கும் சாய்வில் அவர் பிடித்த கோணம் இருக்கிறது, தலை சப்பிய பக்கத்தில் அவர் வலக்கையா இடக்கையா என்பதுகூடத் தெரியும். ஐந்தாறு வகைக்கு ஒன்று வீதம் நிறுத்திக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் துருவைத் தட்டி, மெஷின் எண்ணெய் மெல்லியதாகத் தடவித் துணியில் சுற்றுங்கள். தாள் இருக்கும் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், எண்ணெய் ஊறிவிடும்.